நீண்ட இடைவெளிக்குப் பின் நேர்முகத் தேர்வு: அச்சமும் ஆயத்தமும்

சிகிச்சை முடிந்து உடல் தேறியவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் முதன்மையானது, ‘இனி எப்போது வேலைக்குப் போகலாம்?’ என்பது. அதற்குப் பெரும்பாலும் எங்களால் விடை கூற முடிகிறது. அதன் பின்னே நிற்கும் மற்றொரு கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை: ‘இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, தெரியாதவர்கள் நான்கு பேர் முன்னால் உட்கார்ந்து, அவர்கள் கேட்கும் தொழில்நுட்பக் கேள்விகளுக்கு என்னால் விடை சொல்ல முடியுமா?’

துறையூர், உப்பிலியபுரம், முசிறிப் பக்கங்களிலிருந்து வருவோருள் ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர்கள், வெல்டர்கள், ஆய்வகத் தொழில்நுட்பர்கள், செவிலியர்கள், சென்னையிலும் பெங்களூரிலும் கணினித் துறையில் இருந்து நோயின் காரணமாக ஊர் திரும்பியவர்கள் எனப் பலர் உண்டு. தாம் நோயுறாமலேயே, நோயுற்ற தாயையோ கணவரையோ குழந்தையையோ கவனித்துக்கொள்வதற்காக வேலையை விட்டவர்களும் உண்டு. பின்னவர்கள் எங்கள் பதிவேட்டில் நோயாளிகளாக இடம்பெறுவதில்லை. ஆயினும் இக்கட்டுரை அவர்களுக்காகவும் எழுதப்படுகிறது.

நேர்முகத் தேர்வின்போது உள்ளங்கை வியர்ப்பதும், நா வறள்வதும், நன்கு தெரிந்த விடையே நினைவுக்கு வராமல் போவதும் கோழைத்தனத்தின் அடையாளங்கள் அல்ல. 1993ஆம் ஆண்டு ஜெர்மனியில் டிரியர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிர்ஷ்பாம், பிர்கே, ஹெல்ஹாமர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் ஒருவருக்கு மன அழுத்தத்தை உறுதியாக உண்டாக்கும் முறை ஒன்றை வகுத்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது வேலைக்கான நேர்முகத் தேர்வையே. ஆய்வுக்கு வந்தவர் தம்மை வேலை தேடி வந்தவராகக் கருதிக்கொண்டு, முகத்தில் எவ்வித உணர்ச்சியும் காட்டாத ஒரு குழுவின் முன்னால் தம் தகுதிகளைப் பேச வேண்டும். அதன்பின் ஒரு பெரிய எண்ணிலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவே. எனினும் அவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்னும் ஹார்மோன் 2 முதல் 4 மடங்கு வரை உயர்ந்தது. இதயத் துடிப்பும் கூடியது. இன்றும் உலகெங்கும் மன அழுத்த ஆய்வுகளில் பயன்படுவது இதே சோதனைதான். நல்ல உடல்நலம் உடையோரையே இவ்வாறு நடுங்கச் செய்யும் சூழலில், நெடுநாள் நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்த ஒருவர் நடுங்குவதில் வியப்பு என்ன இருக்கிறது?

கார்டிசால் மிகும் வேளையில், முன்பே கற்று மனத்தில் இருப்பதை வெளியே கொணர்வது கடினமாகிறது. அறிவு அழிந்துவிடுவதில்லை, அதை அடையும் வழி சற்று நேரம் அடைபடுகிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணினித் துறையிலேயே சோதித்துப் பார்த்தது. 48 மாணவர்களுக்கு நிரல் எழுதும் கணக்கு ஒன்று தரப்பட்டது. ஒரு பகுதியினர் தனி அறையில் யாரும் பாராமல் கரும்பலகை போன்ற வெண்பலகையில் எழுதினர். மற்றவர்கள், தேர்வாளர் பார்த்திருக்க, எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினர். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே சரிந்தது. ஆய்வில் பெண்கள் எண்ணிக்கை சிறிதே. ஆயினும் பார்க்கப்பட்டவர்களுள் ஒரு பெண்ணும் கணக்கை முடிக்கவில்லை, தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் முடித்தார்கள் என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இதிலிருந்து நாங்கள் கொள்ளும் முடிவு ஒன்று. நேர்முகத் தேர்வில் சோதிக்கப்படுபவை இரண்டு: தொழிலறிவு, பிறர் பார்த்திருக்க அதை வெளிப்படுத்தும் பழக்கம். இடைவெளிக்குப் பின் தேர்வுக்குச் செல்வோர் முதலாவதற்கு மட்டும் இரவு பகலாக ஆயத்தம் செய்கிறார்கள். இரண்டாவதை விதியின் கையில் விட்டுவிடுகிறார்கள். அங்கே தடுமாறிவிட்டு, ‘எல்லாம் மறந்துபோயிற்று, இனி நான் எதற்கும் பயன்பட மாட்டேன்’ என்று வீடு திரும்புகிறார்கள்.

மறந்தது எவ்வளவு?

நம் மாவட்டத்திலேயே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை 1960களில் அமைந்ததிலிருந்து, அதைச் சுற்றி எத்தனையோ சிறு பட்டறைகள் தோன்றி, திருச்சி வெல்டர்களின் ஊராயிற்று. வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் 1975இல் இங்கே நிறுவப்பட்டது. கொதிகலன் வேலையில் உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க விதித்தொகுப்பின் ஒன்பதாம் பகுதி, வெல்டரின் இடைவெளியைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறது. ஒரு வெல்டர் ஒரு குறிப்பிட்ட முறையில் 6 மாதம் வெல்டிங் செய்யாதிருந்தால் அம்முறைக்குரிய அவருடைய தகுதி காலாவதியாகும். ஏன் செய்யவில்லை என்று விதி கேட்பதில்லை. அம்முறையில் ஒரே ஒரு சோதனைத் துண்டைப் பற்றவைத்துக் காட்டி அது தேறிவிட்டால், அதே முறையில் அவருக்கு முன்பிருந்த தகுதிகள் அனைத்தும் மீண்டும் உயிர்பெறும். ஒவ்வொன்றாக முதலிலிருந்து தேற வேண்டியதில்லை. கையில் ஒருமுறை படிந்த தொழில் முற்றிலும் போய்விடாது என்னும் நம்பிக்கை அவ்விதிக்குள் இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது.

அந்நம்பிக்கைக்கு ஆய்வின் துணையும் உண்டு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் 1885இல் வெளியிட்ட நூலில், ஒருமுறை கற்று மறந்ததாகத் தோன்றுவதை மீண்டும் கற்க முதன்முறை ஆனதைவிடக் குறைந்த நேரமே ஆகிறது என்று தம்மையே சோதனைக்கு உட்படுத்திக் காட்டினார். ஆகவே மீண்டும் தொடங்கும் முதல் இரண்டு வாரங்களில் உண்டாகும் மலைப்பைக் கொண்டு உங்கள் நிலையை மதிப்பிட்டுவிட வேண்டாம். அக்காலத்தில் எல்லோருக்கும் மலைப்புத்தான்.

படிக்கும் முறை பற்றி ஒரு சொல். பழைய புத்தகத்தையும் குறிப்பேட்டையும் மீண்டும் மீண்டும் வாசித்துக்கொண்டிருப்பது தெரிந்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தரும், தேர்வறையில் கைகொடுக்காது. ஒரு பகுதியை வாசித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதே நினைவை உறுதிப்படுத்தும். கைத்தொழில் ஆயின் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். பழகிய பட்டறைக்காரர் ஒருவரிடம் கேட்டு, மாலையில் ஒரு மணி நேரம் மின்வாய்க் குச்சியைப் பிடித்துப் பார்ப்பது பத்துக் காணொளிகளைப் பார்ப்பதைவிட மேலானது. ஆனால் எலும்பு முறிவு, தண்டுவட அறுவை, இதய நோய், வலிப்பு நோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் இதற்கும் முன்னதாக எங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கீமோதெரபி பெற்றவர்களுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் இருந்தவர்களுக்கும் வேறொரு தொல்லை உண்டு. சொல் சட்டென்று வராது. ஒரே வேளையில் இரண்டைக் கவனிக்க இயலாது. அரை மணி நேரம் படித்தாலே தலை கனக்கும். இது சோம்பல் அன்று. மருத்துவத்துறை நன்கு அறிந்த விளைவு. பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. இவர்கள் இருபது இருபத்தைந்து நிமிடங்களாகப் பிரித்துப் படிப்பதும், உடல் தெளிவாக உள்ள காலை வேளையைப் பயன்படுத்துவதும் நல்லது. ‘முன்பெல்லாம் இரவு ஒரு மணி வரை படிப்பாயே’ என்று வீட்டார் நினைவூட்டாதிருப்பது அதனினும் நல்லது.

பிறர் பார்க்கப் பேசிப் பழகுதல்

மேற்சொன்ன டிரியர் ஆய்வாளர்கள் 1995இல் ஒரு தொடர் ஆய்வையும் வெளியிட்டார்கள். 20 ஆண்களை அதே போலி நேர்முகத் தேர்வுக்கு ஐந்து வெவ்வேறு நாள்களில் உட்படுத்தினார்கள். 13 பேருக்குக் கார்டிசால் முதல் நாள் மட்டுமே உயர்ந்தது. இரண்டாம் நாளிலிருந்து உடல் அதைப் பொருட்படுத்தவில்லை. அதாவது பெரும்பாலோருக்கு, ஒருமுறை நடுங்கி முடித்துவிட்டால் நடுக்கம் தணிந்துவிடுகிறது. அந்த முதல் நடுக்கம் உண்மைத் தேர்வில் நிகழ வேண்டுமா, வீட்டுத் திண்ணையில் நிகழ வேண்டுமா என்பது நம் கையில் இருக்கிறது.

எனவே படிப்படியாகப் பழகுங்கள். முதலில் யாரும் இல்லாத அறையில் ஒரு கேள்விக்கான விடையை உரத்துச் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் சொல்வது கணக்கில் சேராது. பின்பு கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். தம் குரல் தமக்கே பிடிக்காமல் போவது இயல்பு. அடுத்து வீட்டில் ஒருவர் எதிரே அமரட்டும். அவருக்கு உங்கள் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தையல் வேலை செய்யும் அக்காவானாலும், ஓய்வுபெற்ற ஆசிரியரான மாமாவானாலும், கேள்விகளை எழுதிக் கொடுத்து, முகத்தில் சிரிப்போ தலையசைப்போ இன்றிக் கேட்கச் சொல்லுங்கள். (சிரிக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் வீட்டாருக்குக் கடினமாக இருக்கும்.) அதற்கும் அடுத்த படி, பழைய சக ஊழியர் ஒருவர் தொலைபேசியிலோ காணொளி அழைப்பிலோ கேட்பது. இறுதியாக, அவ்வளவு விருப்பமில்லாத ஒரு வேலைக்கு விண்ணப்பித்து, உண்மையான நேர்முகத் தேர்வு ஒன்றுக்கே சென்று வருவது. திருச்சி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் இதற்கு ஏற்றவை. ஒரே நாளில் இரண்டு மூன்று மேசைகளில் பேசிப் பழகலாம்.

ஒத்திகையில் கட்டாயம் இடம்பெற வேண்டிய ஒன்று, தெரியாத கேள்வி. ‘இது இப்போது நினைவில் இல்லை, ஆனால் இப்படித் தொடங்கிப் பார்ப்பேன்’ என்று சொல்லி, தெரிந்த முதல் அடியை எடுத்து வைக்கப் பழக வேண்டும். இயந்திரம் ஓடவில்லை என்றால் முதலில் எதைச் சோதிப்பீர்கள் என்னும் கேள்விக்குத் தேர்வாளர் எதிர்பார்ப்பது மனப்பாடத்தை அன்று. நீங்கள் எண்ணும் வரிசையை.

கவனித்துக்கொள்வோர் இங்கே செய்யக்கூடிய உதவி மிகப் பெரிது. செய்யக்கூடிய தீங்கும் அப்படியே. தேர்விலிருந்து திரும்பியவர் செருப்பைக் கழற்றுமுன் ‘என்ன ஆயிற்று, கிடைத்துவிடுமா?’ என்று கேட்பதைத் தவிருங்கள். துறையூரிலிருந்து மண்ணச்சநல்லூர் வழியாகச் சத்திரம் பேருந்து நிலையம் போய், அங்கிருந்து வேறொரு பேருந்தில் திருவெறும்பூருக்கோ நவல்பட்டுக்கோ சென்று திரும்புவது நோய் தேறிய உடலுக்கு ஒரு முழு நாள் உழைப்பு. உணவும் ஓய்வும் முதலில்.

அந்த 1995ஆம் ஆண்டு ஆய்வில் எஞ்சிய 7 பேரையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஐந்து நாளும் கார்டிசால் குறையாமல் உயர்ந்தது. தம்மைப் பற்றித் தாழ்ந்த எண்ணமும், சோர்ந்த மனநிலையும் அவர்களிடம் மிகுதியாக இருந்தன. நெடுநாள் நோய் மனிதரிடம் பெரும்பாலும் விட்டுச்செல்வது இவ்விரண்டையும்தான். ஆதலால் ஐந்தாறு ஒத்திகைக்குப் பின்னும் அச்சம் சிறிதும் குறையாதவர்கள் தம் முயற்சி போதவில்லை என்று எண்ணி வருந்த வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கம் கெட்டிருத்தல், அழைப்புக் கடிதம் வந்தும் போகாமல் இருந்துவிடுதல், திடீரென மூச்சடைத்து இறந்துவிடுவோம் போன்ற பீதி எழுதல், எதிலும் நாட்டமின்மை ஆகியவை இருப்பின் மனநல மருத்துவரைக் காண வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் நல்ல பயன் தருகின்றன. நேரில் வரத் தயங்குவோர், நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

‘இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?’

எல்லோரும் அஞ்சும் கேள்வி இது. இதற்கு மூன்று வாக்கியங்கள் போதும்: காரணம் ஒன்று, இப்போதைய நிலை ஒன்று, ஆயத்தம் ஒன்று. ‘உடல்நலக் காரணத்தால் இரண்டாண்டுகள் பணியில் இல்லை. சிகிச்சை முடிந்தது, வேலை செய்ய மருத்துவர் அனுமதி அளித்துள்ளார். நான்கு மாதங்களாக இன்னின்ன பயிற்சி செய்து வருகிறேன்.’ இதைச் சொல்லி முடித்ததும் நிறுத்திவிட வேண்டும். அச்சமுற்றவர்கள் நிறுத்துவதில்லை, அறுவை சிகிச்சையின் விவரம் வரை சொல்லிக்கொண்டே போகிறார்கள். தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும் என்றாலும், இம்மூன்று வாக்கியங்களை முதலில் தமிழில் எழுதித் தெளிந்தபின் ஆங்கிலத்தில் அமைத்துக்கொள்வது எளிது.

குடும்பத்தாரைக் கவனிக்க வேலையை விட்டவர்கள் ‘சும்மா வீட்டில் இருந்தேன்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அது உண்மையன்று. மருந்து நேரங்களைக் குறித்துவைத்து, காப்பீட்டுத் தாள்களோடு அலைந்து, இரவில் காய்ச்சலை அளந்து பார்த்தவர் சும்மா இருந்தவர் அல்லர். ‘குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு இருந்தது, இப்போது முழுநேரமும் வேலைக்கு வர இயலும்’ என்று நிமிர்ந்து சொல்லலாம். கவனித்தும் காப்பாற்ற இயலாமல் போனவர்களுக்கு இவ்வாக்கியமே தொண்டையை அடைக்கும். தேர்வறையில் முதன்முதலாக அதைச் சொல்ல நேராதபடி, தாங்கும் மனமுடைய ஒருவர் முன்னால் சில முறை சொல்லிவிடுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

இடைவெளி எடுத்தவர்களை வேலைக்கு அழைப்பது இன்று அரிதான செயலும் அன்று. டாடா குழுமம் 2008லேயே பணி இடைவெளி எடுத்த பெண்களுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன்பின் வேறு பல நிறுவனங்களும் அவ்வழியில் திட்டங்கள் வகுத்தன.

நோயின் பெயரைச் சொல்ல வேண்டுமா என்பதற்கு ஒரே விடை இல்லை. வேலைக்குத் தொடர்பில்லாத நோய் விவரத்தைத் தாமாக முன்வந்து சொல்ல வேண்டியதில்லை. உயரத்தில் ஏறுதல், வாகனம் ஓட்டுதல், கொதிகலன் அருகே நிற்றல் போன்ற பணிகளில் வலிப்பு, இதய நோய் முதலியவற்றை மறைப்பது உங்கள் உயிருக்கே ஊறு. உடற்தகுதிப் பரிசோதனையில் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். வேலைக்கு எடுப்பதற்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அவற்றுள் மனநோயும், தலசீமியா போன்ற இரத்த நோய்களும் அடங்கும். சான்றிதழ் பெறத் தகுதி உண்டா என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

தேர்வு நாளின் காலை

பதற்றத்தில் காலை உணவைத் தவிர்த்துவிட்டு, இன்சுலினை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு கிளம்பும் நீரிழிவு நோயாளிகளைப் பற்றியே எங்கள் முதல் கவலை. இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழ் இறங்கும்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் தோன்றும். நேர்முகத் தேர்வு அச்சத்துக்கும் இவையே அறிகுறிகள். அச்சம் என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டிருந்தால் மயங்கி விழ நேரிடும். ஐயம் எழுந்தவுடன் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோஸோ உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.

தைராய்டு மாத்திரையின் அளவு மிகுந்திருந்தாலும், ஆஸ்துமாவுக்கான சால்புட்டமாலை அடிக்கடி உறிஞ்சினாலும், ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டாலும் கை நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம். பல நாளாக அப்படி இருப்பின் தேர்வுக்கு முன்பே காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும் இரண்டு டம்ளர் காபி கூடுதலாகக் குடிப்பதும் படபடப்பைப் பெருக்கும்.

நண்பர் கொடுத்தார் என்று புரோபிரனலால் மாத்திரை போட்டுக்கொள்வது ஆபத்து. ஆஸ்துமா உடையவருக்கு மூச்சுக்குழல் இறுகும். நீரிழிவு உடையவருக்குச் சர்க்கரை இறங்கும்போது தோன்றும் எச்சரிக்கைக் குறிகள் மறையும். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் அச்சத்தோடு நினைவையும் மந்தமாக்கும்.

அறைக்கு வெளியே காத்திருக்கும் வேளையில், மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அதைவிடக் கூடுதல் நேரம் எடுத்து வெளிவிடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் நான்கைந்து நிமிடம் போதும். முதுகுவலியோ களைப்போ இருப்பவர்கள், வெண்பலகையில் எழுதும்போது நாற்காலி கேட்பதில் பிழையில்லை. டயாலிசிஸ் நாளிலும் கீமோதெரபிக்கு அடுத்த நாள்களிலும் தேர்வு அமைந்தால், வேறு நாள் தருமாறும் முதற்சுற்றைக் காணொளியில் வைக்குமாறும் முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்.

உடற்தகுதிச் சான்று வேண்டுவோர் தேர்வுக்கு முதல் நாள் மாலை வந்து நின்றால் எங்களால் உதவ இயலாமல் போகிறது. சில சான்றுகளுக்குப் புதிய பரிசோதனை தேவைப்படும். குறைந்தது ஒரு வாரம் முன்னதாக, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது தரப்பட்ட சிகிச்சைச் சுருக்கம், இப்போது உட்கொள்ளும் மருந்துச் சீட்டு, சேரவிருக்கும் பணியின் விவரம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள்.